4294967295: ஒரு பெரிய முழு எண்ணின் பண்புகளும் வகைப்பாடுகளும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இந்த எண்ணை எப்படிப் படிப்பது? இது எங்கிருந்து வருகிறது?

நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றைந்து என்று படிக்கலாம். முப்பத்திரண்டு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் பெருக்கற்பலனிலிருந்து 1-ஐக் கழித்தால் இந்த எண் கிடைக்கும். அதாவது இது 2³² − 1. ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போய் 2147483648 வரையுள்ள 32 உறுப்புகளைக் கூட்டினாலும் இதே விடைதான் வரும். இந்தப் பிறப்பை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. கீழே விவரிக்கப்படும் பண்புகளில் கனமானவை அனைத்தும் இதிலிருந்தே முளைக்கின்றன. எஞ்சியவை நாம் பதின்ம முறையில் எழுதப் பழகியிருப்பதால் நேரும் தற்செயல்கள்.

இது பகா எண்ணா?

இல்லை. கடைசி இலக்கம் 5 என்பதால் இது 5-ஆல் வகுபடும். இலக்கங்களின் கூடுதல் 57 என்பதால் 3-ஆலும் வகுபடும். முழுமையான காரணிப்படுத்தல் 3 × 5 × 17 × 257 × 65537 ஆகும். இந்த ஐந்தும் பகா எண்கள்.

இந்தக் காரணிகளைக் கண்டுபிடிக்கக் கணினி எதுவும் தேவையில்லை. பள்ளியில் படிக்கும் ஒரே ஒரு முற்றொருமை போதும். ஒரு வர்க்கத்திலிருந்து 1-ஐக் கழித்தால், அந்த வர்க்கமூலத்தைவிட ஒன்று குறைந்த எண்ணும் ஒன்று கூடிய எண்ணும் அதன் காரணிகளாகும். 2³² என்பது 65536-இன் வர்க்கம் என்பதால், நம் எண் 65535 × 65537 என்று பிரிகிறது. 65536 என்பதும் 256-இன் வர்க்கம் என்பதால் 65535 என்பது 255 × 257 ஆகிறது. அதே வழியில் 255 என்பது 15 × 17 ஆகவும், 15 என்பது 3 × 5 ஆகவும் பிரிகின்றன. அடுக்கான 32 தானும் இரண்டின் அடுக்காக இருப்பதால்தான், பாதியாக்கிப் பாதியாக்கி இறங்கும் இந்தப் படிக்கட்டு இடையில் எங்கும் தடைபடாமல் ஒன்று வரை வந்து சேர்கிறது.

பெரிய பகாக் காரணியான 65537, நம் எண்ணின் வர்க்கமூலத்தை மயிரிழையில்தான் தாண்டுகிறது. வர்க்கமூலம் 65536-க்குச் சற்றே குறைவு.

அந்த ஐந்து பகா எண்களுக்கு ஏதேனும் தனிப்பெயர் உண்டா?

உண்டு. அவை ஃபெர்மா பகா எண்கள். இரண்டின் அடுக்கு ஒன்றோடு 1-ஐக் கூட்டி, அந்த அடுக்கும் 1, 2, 4, 8, 16 என்று இரண்டின் அடுக்காகவே இருக்குமாறு எழுதினால் கிடைப்பவை ஃபெர்மா எண்கள்: 3, 5, 17, 257, 65537, அதற்குப் பின் 4294967297, இப்படியே தொடரும். முதல் ஐந்தும் பகா எண்களாக இருப்பதைக் கண்ட பியேர் டி ஃபெர்மா, 1640-ஐ ஒட்டி எழுதிய கடிதங்களில், இவ்வரிசையில் வரும் எல்லா எண்களும் பகா எண்களே என்ற தம் நம்பிக்கையைத் தெரிவித்திருந்தார். 1732-இல் லியோனார்ட் ஆய்லர் ஆறாவது எண்ணான 4294967297-ஐ 641 × 6700417 என்று பிரித்துக் காட்டி அந்த நம்பிக்கையைத் தகர்த்தார்.

தகர்க்கப்பட்ட அந்த எண் நம் எண்ணுக்கு இரண்டே இடம் தள்ளி நிற்கிறது. இந்த நெருக்கம் தற்செயல் அன்று. தொடக்கத்திலிருந்து எத்தனை ஃபெர்மா எண்களைப் பெருக்கினாலும், அடுத்து வரும் ஃபெர்மா எண்ணைவிட இரண்டு குறைவான எண்ணே கிடைக்கும். 3 என்பது 5-ஐவிட இரண்டு குறைவு; 3 × 5 = 15 என்பது 17-ஐவிட இரண்டு குறைவு; 3 × 5 × 17 = 255 என்பது 257-ஐவிட இரண்டு குறைவு. ஆகவே இரண்டு வெவ்வேறு ஃபெர்மா எண்களுக்குப் பொதுக் காரணி ஏதேனும் இருந்தால் அது 2-ஐ வகுக்க வேண்டும். ஆனால் அவை அனைத்தும் ஒற்றைப்படை எண்கள். எனவே எந்த இரண்டு ஃபெர்மா எண்களும் சார்பகா எண்களே, அதாவது 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாதவை. ஒவ்வொரு ஃபெர்மா எண்ணும் புதியதொரு பகாக் காரணியைக் கொண்டுவருவதால், பகா எண்கள் முடிவிலாதவை என்பதற்கு யூக்ளிடின் நிறுவலுக்கு மாற்றாக இதையே ஒரு நிறுவலாகக் கொள்ளலாம்.

4294967297-ஐ 641 வகுக்கும் என்பதை நீண்ட வகுத்தல் இல்லாமல் காட்ட முடியுமா?

முடியும், கேள்வி நம் எண்ணைப் பற்றியது அன்று என்றாலும், அதன் அண்டை வீட்டைப் பற்றிய இந்த நிறுவல் சொல்லாமல் விட மனம் வராத அளவுக்கு அழகானது. 641-ஐ இரண்டு விதமாக எழுதலாம்: 5⁴ + 2⁴ என்றும், 5 × 2⁷ + 1 என்றும். முதல் வடிவத்தை 2²⁸-ஆல் பெருக்கினால், 5⁴ × 2²⁸ + 2³² என்ற எண்ணை 641 வகுக்கும் என்று தெரிகிறது. இரண்டாம் வடிவத்திலிருந்து, 5 × 2⁷ என்பதன் நான்காம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்து வரும் 5⁴ × 2²⁸ − 1 என்ற எண்ணையும் 641 வகுக்கும் என்று தெரிகிறது. இரண்டையும் 641 வகுப்பதால் அவற்றின் வித்தியாசத்தையும் வகுக்க வேண்டும்; அந்த வித்தியாசம் 2³² + 1.

இந்த எண்ணுக்கு மொத்தம் எத்தனை காரணிகள்? இது நிறைவெண்ணா, மிகையெண்ணா, குறைவெண்ணா?

ஐந்து வெவ்வேறு பகா எண்கள் ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டுமே வருவதால், ஒவ்வொன்றையும் சேர்ப்பதா விடுவதா என்ற தேர்வு 2⁵ = 32 காரணிகளைத் தருகிறது; ஒன்றும் அந்த எண்ணும் இதில் அடக்கம். எந்தப் பகாக் காரணியும் மீண்டும் வராததால் இது வர்க்கக் காரணியற்ற எண். இத்தகைய எண்ணின் பகாக் காரணிகள் இரட்டைப்படையில் இருந்தால் +1, ஒற்றைப்படையில் இருந்தால் −1 என்று தருவது மோபியஸ் சார்பு; இங்கே காரணிகள் ஐந்து என்பதால் அதன் மதிப்பு −1.

எல்லாக் காரணிகளையும் கூட்டினால் 4 × 6 × 18 × 258 × 65538 = 7304603328 வரும். அந்த எண்ணையே கழித்துவிட்டு எஞ்சிய காரணிகளை மட்டும் பார்த்தால் கூடுதல் 3009636033. இது அந்த எண்ணைவிடக் குறைவாக இருப்பதால், பண்டைக் கிரேக்க வகைப்பாட்டின்படி இது குறைவெண். சமமாக இருந்தால் நிறைவெண், கூடினால் மிகையெண்.

பாஸ்கல் முக்கோணத்தில் இந்த எண் ஒளிந்திருக்கிறது என்கிறார்களே, எப்படி?

பாஸ்கல் முக்கோணத்தின் ஒவ்வொரு வரியிலும் ஒற்றைப்படை எண் இருக்கும் இடத்தில் 1 என்றும் இரட்டைப்படை எண் இருக்கும் இடத்தில் 0 என்றும் எழுதி, அந்த வரியை ஓர் இரும எண்ணாகப் படித்துப் பாருங்கள். முதல் வரி 1. இரண்டாம் வரி 11, அதாவது 3. அடுத்த வரியான 1, 2, 1 என்பது 101 ஆகி 5-ஐத் தரும். 1, 3, 3, 1 என்பது 1111 ஆகி 15-ஐத் தரும். 1, 4, 6, 4, 1 என்பது 10001 ஆகி 17-ஐத் தரும். தொடர்ந்து 51, 85, 255, 257 என்று வரும். இவ்வாறு முதல் 32 வரிகளைப் படித்தால் கிடைப்பவை, நம் எண்ணின் 32 காரணிகளேதான். ஒன்றுகூட விடுபடாமல், ஒன்றுகூட மிகையாகாமல், ஏறுவரிசையிலேயே கிடைக்கின்றன. முப்பத்திரண்டாவது வரியில் எல்லா எண்களும் ஒற்றைப்படை; ஆகவே அது 32 ஒன்றுகள் கொண்ட வரி, அதாவது 4294967295.

காரணம் எளிது. இரட்டைப்படையையும் ஒற்றைப்படையையும் மட்டும் கருத்தில் கொண்டால், ஈருறுப்புக் கோவையை வர்க்கப்படுத்தும்போது நடு உறுப்பு இரட்டைப்படைக் கெழு பெற்று மறைந்துவிடுகிறது. முனைகள் மட்டும் எஞ்சுகின்றன. ஆகவே உச்சியைச் சுழியாம் வரியாகக் கொண்டால், 1, 2, 4, 8, 16 ஆகிய எண்ணுடைய வரிகளில் இரு முனைகள் மட்டுமே ஒற்றைப்படையாகி, அவை ஃபெர்மா எண்களாகின்றன. பிற வரிகளில் வரி எண்ணை இந்த ஐந்தின் கூட்டலாகப் பிரித்தால், அதற்கேற்ற ஃபெர்மா எண்களின் பெருக்கற்பலன் கிடைக்கிறது. ஐந்தாம் வரி 4 + 1 என்று பிரிவதால் 17 × 3 = 51. முப்பத்தொன்றாம் வரி 16 + 8 + 4 + 2 + 1 என்று பிரிவதால் ஐந்து ஃபெர்மா எண்களும் அதில் சேர்கின்றன.

ஒழுங்குப் பலகோணங்களோடு இந்த எண்ணுக்கு என்ன தொடர்பு?

இந்த எண்ணின் புகழுக்கு முதன்மையான காரணம் இதுவே. அளவுகளற்ற அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு எத்தனை பக்கமுள்ள ஒழுங்குப் பலகோணங்களை வரைய முடியும் என்ற கேள்வி கிரேக்கர் காலத்தது. மூன்று, ஐந்து, பதினைந்து பக்கங்கள் கொண்டவற்றை அவர்கள் வரைந்தார்கள். பக்கங்களை இரட்டிக்கவும் அறிந்திருந்தார்கள். அதற்கு மேல் ஈராயிரம் ஆண்டுகளாக எதுவும் நகரவில்லை. 1796 மார்ச் 30 அன்று, பத்தொன்பது வயது நிறையாத கார்ல் ஃபிரெடரிக் காஸ், 17 பக்கப் பலகோணத்தை வரைய முடியும் என்று கண்டுபிடித்தார். பக்கங்களின் எண்ணிக்கை, நான்கு முதலான இரண்டின் அடுக்காகவோ, வெவ்வேறான ஃபெர்மா பகா எண்களின் பெருக்கற்பலனாகவோ அதை இரண்டின் அடுக்கு ஒன்றால் பெருக்கி வருவதாகவோ இருந்தால் வரைய முடியும் என்பதை 1801-இல் வெளியிட்டார். வேறு எந்த எண்ணிக்கைக்கும் முடியாது என்பதை 1837-இல் பியேர் வான்செல் நிறுவினார்.

இதன் விளைவு நேரடியானது. அறியப்பட்ட ஃபெர்மா பகா எண்கள் ஐந்து மட்டுமே. எனவே வரையத்தக்கவை என்று அறியப்பட்ட ஒற்றைப்படைப் பக்கப் பலகோணங்கள், நம் எண்ணின் 32 காரணிகளில் 1-ஐ நீக்கிய 31 மட்டுமே. அவற்றுள் மிகப் பெரியது 4294967295 பக்கங்கள் கொண்டது. இரட்டைப்படைப் பக்கங்களுக்கு இத்தகைய உச்சம் கிடையாது, ஏனெனில் பக்கங்களை எத்தனை முறை வேண்டுமானாலும் இரட்டிக்கலாம்.

சிறிய பலகோணங்களிலிருந்து பெரியதைப் பெறுவது கோணங்களின் கூட்டல் கழித்தல் மட்டுமே. வட்டத்தின் ஐந்தில் இரண்டு பாகத்திலிருந்து மூன்றில் ஒரு பாகத்தைக் கழித்தால் பதினைந்தில் ஒரு பாகம் கிடைக்கும். பதினைந்து பக்கப் பலகோணம் தயார். சார்பகா எண்களுக்கு இது எப்போதும் பலிக்கும். உண்மையான உழைப்பு பகா எண்களிடம்தான் இருக்கிறது. 257 பக்கப் பலகோணத்துக்கான வரைமுறையை 1832-இல் ரிஷெலோ வெளியிட்டார். 65537 பக்கப் பலகோணத்துக்காக ஜெர்மானியரான ஹெர்மஸ் பத்தாண்டுகள் உழைத்து 1894-இல் முடித்தார். அந்தக் கையெழுத்துப்படி கோட்டிங்கனில் பாதுகாக்கப்படுகிறது.

4294967295 பக்கங்கள் கொண்ட பலகோணத்தை யாராவது வரைந்து பார்க்க முடியுமா?

கோட்பாட்டில் முடியும், காகிதத்தில் முடியாது. புவியின் நிலநடுக்கோடு முழுவதையும் வட்டமாகக் கொண்டு அதனுள் இந்தப் பலகோணத்தை அமைத்தால்கூட ஒரு பக்கத்தின் நீளம் ஒரு சென்டிமீட்டரை எட்டாது, ஏறத்தாழ 9.3 மில்லிமீட்டர்தான் வரும். ‘வரைய முடியும்’ என்ற சொல் இங்கே குறிப்பது, அந்தப் பலகோணத்தின் மையக் கோணத்தின் கோசைன் மதிப்பை முழு எண்களில் தொடங்கி கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகியவற்றை மட்டும் கொண்டு எழுதிவிட முடியும் என்பதையே. கனமூலம் போன்ற எதுவும் தேவைப்படாது என்பதே தேற்றத்தின் சாரம்.

இதைவிடப் பெரிய ஒற்றைப்படைப் பலகோணம் இனிக் கிடைக்க வாய்ப்புண்டா?

ஆறாவது ஃபெர்மா பகா எண் ஒன்று கிடைத்தால் உண்டு. வரிசையைச் சுழியிலிருந்து எண்ணினால், ஐந்தாம் ஃபெர்மா எண் முதல் முப்பத்திரண்டாம் எண் வரை அனைத்தும் பகு எண்கள் என்று காட்டப்பட்டுவிட்டன. பகா எண்ணா பகு எண்ணா என்று முடிவாகாதவற்றுள் சிறியது முப்பத்து மூன்றாம் எண். அதில் 258 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் உள்ளன. புதிய ஃபெர்மா பகா எண் எதுவும் இல்லை என்பதே பெரும்பாலான கணிதவியலாளர்களின் எதிர்பார்ப்பு. ஆனால் அதற்கு நிறுவல் இல்லை. ஆகவே இந்த எண்ணின் பட்டத்தை ‘அறியப்பட்டவற்றுள் மிகப் பெரியது’ என்ற அடைமொழியோடுதான் சொல்ல வேண்டும். அடைமொழியை விட்டுவிட்டு எழுதுபவர்கள் பலர், அது பிழை.

ஆய்லர் சார்பின்படி இந்த எண்ணின் சிறப்பு என்ன?

ஓர் எண்ணை மிகாமலும் அதோடு சார்பகாவாகவும் உள்ள எண்கள் எத்தனை என்று சொல்வது ஆய்லர் சார்பு. வர்க்கக் காரணியற்ற எண்ணுக்கு, ஒவ்வொரு பகாக் காரணியிலிருந்தும் 1-ஐக் கழித்துப் பெருக்கினால் அது கிடைத்துவிடும். இங்கே 2 × 4 × 16 × 256 × 65536; அடுக்குகளைக் கூட்டினால் 1 + 2 + 4 + 8 + 16 = 31. எனவே விடை 2³¹, அதாவது 2147483648.

இதிலிருந்து இரண்டு அரிய விளைவுகள் கிடைக்கின்றன. முதலாவது: அடுத்த எண்ணான 2³²-க்கும் ஆய்லர் சார்பின் மதிப்பு 2³¹தான், ஏனெனில் அதற்குக் கீழுள்ள ஒற்றைப்படை எண்கள் அத்தனைதான். ஆக, அடுத்தடுத்த இரண்டு எண்கள் ஒரே மதிப்பைப் பெறுகின்றன. 3, 15, 104, 164, 194, 255 ஆகியவையும் தத்தம் அடுத்த எண்ணோடு இவ்வாறு ஒத்துப்போகின்றன. ஆனால் அவற்றுள் 104, 164, 194 ஆகியவை வேறு காரணங்களால் ஒத்துப்போகின்றன.

இரண்டாவது: இந்த எண்ணின் ஆய்லர் மதிப்பை இரட்டித்தால், எண்ணைவிடச் சரியாக ஒன்று அதிகமாக வருகிறது. 3, 15, 255, 65535 ஆகியவற்றுக்கும் இது பொருந்தும், அவையும் ஃபெர்மா பகா எண்களின் பெருக்கற்பலன்கள் என்பதால். வியப்புக்குரியது, இந்தக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வரும் 83623935. அதன் காரணிகள் 3, 5, 17, 353, 929. கடைசி இரண்டும் ஃபெர்மா எண்கள் அல்ல. இருந்தும் 2 × 4 × 16 × 352 × 928 என்பதை இரட்டித்தால் 83623936 வருகிறது. அது மட்டுமன்றி, 83623937 ஒரு பகா எண் என்பதால், 83623935 × 83623937 = 6992962672132095 என்பதும் இதே பண்பைப் பெற்றுவிடுகிறது.

இதன் மறுபக்கத்தை, அதாவது ஒரு பகு எண்ணின் ஆய்லர் மதிப்பு அந்த எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்த எண்ணை வகுக்குமா என்ற கேள்வியை, 1932-இல் டி. எச். லெமர் எழுப்பினார். அப்படி ஒரு பகு எண் இதுவரை கிடைக்கவில்லை. கிடைக்காது என்று நிறுவப்படவும் இல்லை.

குலக் கோட்பாட்டில் இந்த எண்ணுக்கு இடம் உண்டா?

உண்டு, அதுவும் எதிர்பாராத இடம். எந்த இரண்டு உறுப்புகளையும் இணைத்து மற்றோர் உறுப்பைத் தருவதும், திருப்பிச் செய்யத்தக்கதுமான ஒரு செயலோடு கூடிய கணமே குலம். ஓர் எண்ணும் அதன் ஆய்லர் மதிப்பும் சார்பகாவாக இருந்தால், அத்தனை உறுப்புகள் கொண்ட குலம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அது, ஒரே உறுப்பை மீண்டும் மீண்டும் இணைத்தே எல்லா உறுப்புகளையும் பெறத்தக்க சுழற்குலமாக இருக்கும். நம் எண் ஒற்றைப்படை, அதன் ஆய்லர் மதிப்போ இரண்டின் அடுக்கு. இவற்றுக்குப் பொதுக் காரணி எதுவும் இருக்க வழியில்லை. எனவே 4294967295 உறுப்புகள் கொண்ட குலம் ஒன்றுதான். அடுத்த எண்ணுக்குப் போனால் நிலைமை தலைகீழ்: 2³² உறுப்புகள் கொண்ட குலங்கள் எண்ணி மாளாத அளவுக்குப் பெருகிவிடுகின்றன.

இது கார்மைக்கேல் எண்ணா, அல்லது போலிப் பகா எண்ணா?

இரண்டும் இல்லை. பகு எண்ணாக இருந்தும் ஃபெர்மாவின் பகா எண் சோதனையில் தேறிவிடுவது போலிப் பகா எண்; தன்னோடு சார்பகாவான எல்லா அடிகளிலும் தேறிவிடுவது கார்மைக்கேல் எண். கார்மைக்கேல் எண்ணாக இருக்க, ஒவ்வொரு பகாக் காரணியிலிருந்தும் ஒன்றைக் கழித்து வரும் எண் 4294967294-ஐ வகுக்க வேண்டும். 5-இலிருந்து வரும் 4 அதை வகுக்காது. இரண்டை அடியாகக் கொண்ட ஃபெர்மா சோதனையிலும் இந்த எண் உடனே பகு எண் என்று வெளிப்பட்டுவிடும்.

இது மெர்சென் எண்ணா? அண்டை எண்கள் எப்படிப்பட்டவை?

இரண்டின் அடுக்கு ஒன்றைவிட ஒன்று குறைவான எண் என்ற பொதுப்பொருளில் மெர்சென் எண்தான். அடுக்கான 32 பகா எண்ணாக இல்லாததால் மெர்சென் பகா எண்ணாக வாய்ப்பே இல்லை. எனவே இதைக் கொண்டு நிறைவெண் எதையும் உருவாக்க முடியாது. ஆனால் இதற்கு முந்தைய எண்ணான 4294967294 என்பது 2 × 2147483647. அந்த 2147483647 பகா எண் என்பதை 1772-இல் ஆய்லர் நிறுவினார், அதிலிருந்து எட்டாவது நிறைவெண்ணான 2305843008139952128 பிறக்கிறது. முன்னால் மெர்சென் பகா எண்ணின் இரட்டிப்பு, பின்னால் இரண்டின் தூய அடுக்கு, அதற்கும் பின்னால் ஃபெர்மாவின் நம்பிக்கையைப் பொய்யாக்கிய எண். இத்தனை பெயர்பெற்ற அண்டையர் வேறு எந்தப் பத்து இலக்க எண்ணுக்கும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இது முக்கோண எண்ணா?

1-இலிருந்து அடுத்தடுத்த எண்களைக் கூட்டி வருவது முக்கோண எண். இது அப்படிப்பட்டது இல்லை, ஆனால் ‘ஏன் இல்லை’ என்பதற்குப் பின்னால் ஸ்ரீனிவாச ராமானுஜன் இருக்கிறார். ஓர் எண்ணை எட்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வர்க்க எண் வர வேண்டும் என்பதே முக்கோண எண்ணுக்கான சோதனை. நம் எண்ணுக்கு அது 2³⁵ − 7 என்று ஆகிறது. இரண்டின் அடுக்கிலிருந்து 7-ஐக் கழித்தால் எப்போது வர்க்கம் வரும் என்ற கேள்வியை ராமானுஜன் 1913-இல் எழுப்பி, 3, 4, 5, 7, 15 ஆகிய ஐந்து அடுக்குகளுக்கு மட்டுமே வரும் என்று ஊகித்தார். 1948-இல் நார்வேயின் டிரிக்வே நாகெல் அதை நிறுவினார். பட்டியலில் 35 இல்லை. ஆகவே நம் எண் முக்கோண எண் அன்று. இந்தப் பட்டியலில் கடைசியான 15-ஆம் அடுக்கு 181-இன் வர்க்கமான 32761-ஐத் தருகிறது. அதற்கு இணையான முக்கோண எண் 4095. இரண்டின் அடுக்கைவிட ஒன்று குறைவான வடிவில் அதற்கு மேல் முக்கோண எண்ணே கிடையாது.

வர்க்கங்களின் கூட்டலாக இதை எழுத முடியுமா?

இரண்டு வர்க்கங்களாலும் முடியாது, மூன்றாலும் முடியாது. எட்டால் வகுத்தால் ஒரு வர்க்க எண் 0, 1, 4 ஆகியவற்றில் ஒன்றையே மீதியாகத் தரும். இவற்றில் மூன்றை எப்படிக் கூட்டினாலும் மீதி 7 வராது. நம் எண்ணின் மீதியோ 7. எந்த எண்ணுக்கும் நான்கு வர்க்கங்கள் போதும் என்ற லாக்ராஞ்சின் 1770-ஆம் ஆண்டுத் தேற்றம் இங்கே துணைக்கு வருகிறது: 65535² + 362² + 5² + 1². வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதுவதென்றால் 16 வழிகள் உண்டு. அவற்றுள் மிக எளியது 65536² − 1².

இலக்கங்களை வைத்துச் சொல்லப்படும் வகைகளில் இது எங்கே வருகிறது?

பெரும்பாலும் எங்கும் வருவதில்லை. டி. ஆர். கப்ரேகர் பெயரிட்ட ஹர்ஷத் எண்ணாக இருக்க, இலக்கங்களின் கூடுதலான 57-ஆல் வகுபட வேண்டும். 57-இல் உள்ள 19 நம் எண்ணின் காரணி அன்று. இலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் 393, 99, 162, 41, 17, 50, 25, 29, 85, 89 என்று முடிவற்ற சுழலில் விழுந்துவிடுவதால் 1-இல் வந்து முடிய வேண்டிய மகிழ்ச்சி எண்ணும் அன்று.

ஸ்மித் எண்ணாகும் வாய்ப்பை மட்டும் மிக நெருக்கத்தில் தவறவிட்டிருக்கிறது. ஸ்மித் எண்ணில், எண்ணின் இலக்கக் கூடுதலும் பகாக் காரணிகளின் இலக்கக் கூடுதலும் சமமாக இருக்க வேண்டும். இங்கே காரணிகள் 3 + 5 + 8 + 14 + 26 = 56 தருகின்றன; எண் 57 தருகிறது. சுவையான செய்திதான், ஆனால் இதற்கு எந்த ஆழ்ந்த காரணமும் இல்லை. நாம் பன்னிரண்டை அடியாகக் கொண்டு எழுதிவந்திருந்தால் இந்தப் பத்தியில் ஒரு வரிகூட நிலைத்திருக்காது. பலகோணமும் ஆய்லர் சார்பும் அப்படியே இருந்திருக்கும்.

இரும முறையில் இதன் தோற்றம் என்ன?

முப்பத்திரண்டு ஒன்றுகள். எனவே இரு திசையிலும் ஒன்றுபோலவே படிக்கலாம். நான்கின் அடியில் பதினாறு மூன்றுகள். பதினாறின் அடியில், பதினைந்தைக் குறிக்கும் எஃப் என்ற குறி எட்டு முறை. 256-இன் அடியில் 255 நான்கு முறை.

கணினித் திரையில் திடீரென்று இந்த எண் தோன்றுவது ஏன்?

குறியில்லா 32 பிட் இடத்தில் சேமிக்கத்தக்க மிகப் பெரிய எண் இதுவே. அதே 32 ஒன்றுகளை, குறியுள்ள எண்ணாகப் படித்தால் −1 என்று பொருள்படும். நிரல்கள் பலவற்றில் ‘கிடைக்கவில்லை’ என்பதைத் தெரிவிக்க −1 பயன்படுவதால், அதைத் தவறுதலாகக் குறியில்லா எண்ணாக அச்சிடும்போது இந்த எண் தலைகாட்டுகிறது. திரையில் இதைக் கண்டால், பெரும்பாலும் அது உண்மையான அளவு அன்று, பிழையின் அடையாளம் என்று கொள்ளலாம்.

மதிப்புகளின் எண்ணிக்கையையும் மிகப் பெரிய மதிப்பையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. சுழியும் ஒரு மதிப்பு என்பதால் மொத்த மதிப்புகள் 4294967296. இணைய நெறிமுறையின் நான்காம் பதிப்பில் முகவரிகள் அத்தனைதான். அவற்றில் கடைசியானது 255.255.255.255. ஃபேட்32 கோப்பு முறைமையில் ஒரு கோப்பின் உச்ச அளவு 4294967295 பைட்டுகள். 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை இந்த இடத்தில் எண்ணிவந்தால், 2106 பிப்ரவரி 7 அன்று உலகப் பொது நேரம் 06:28:15-க்கு இடம் நிரம்பிவிடும். மில்லிநொடிகளை எண்ணினால் 49 நாள் 17 மணி 2 நிமிடம் 47.295 நொடியில் நிரம்பும். ‘ஐம்பது நாளுக்குள் ஒருமுறை’ தடுமாறும் சாதனங்களின் மர்மம் பெரும்பாலும் இதுதான்.

அடுத்த படியான 2⁶⁴ − 1-க்கும் இதே பண்புகள் உண்டா?

சில உண்டு, முக்கியமானவை இல்லை. 18446744073709551615 என்ற அந்த எண், நம் எண்ணையும் 4294967297-ஐயும் பெருக்கி வருவது. ஆகவே அதன் காரணிகள் 3, 5, 17, 257, 641, 65537, 6700417 என்ற ஏழு பகா எண்கள். வர்க்கக் காரணியற்ற தன்மை நீடிக்கிறது. காரணிகள் 128 ஆகின்றன. ஆனால் 641-உம் 6700417-உம் ஃபெர்மா பகா எண்கள் அல்ல என்பதால் அத்தனை பக்கப் பலகோணத்தை வரைய முடியாது. ஆய்லர் மதிப்பில் புதிதாகச் சேரும் 640 × 6700416 = 4288266240 என்பது இரண்டின் அடுக்கு அன்று; எனவே அடுத்த எண்ணோடு ஒத்துப்போவதும் நின்றுவிடுகிறது. பாஸ்கல் முக்கோணத்தின் முதல் 64 வரிகள் அந்த எண்ணின் 64 காரணிகளை மட்டுமே தருகின்றன. 641-ஐயோ 6700417-ஐயோ தனித்துக் கொண்ட காரணிகள் அவற்றில் வருவதில்லை. குலம் ஒன்றே என்ற பண்பும் போய்விடுகிறது, ஏனெனில் 5 என்ற காரணி 640-ஐ வகுத்துவிடுகிறது.